ஓட்டத் தெரியாத காரும் நானும்

என் கணவர் அந்தப் பணத்தைக் கட்டிய நேரத்தில் நான் குளியலறையில் மகளின் பள்ளிச் சீருடையை அலசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்திருந்தாள்.

நாங்கள் ஷார்ஜாவில், அல் நஹ்தா பக்கம், ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. கேஜி ஒன்று படிக்கிறாள். காரில் போனால் பள்ளி பன்னிரண்டு நிமிடம். பள்ளி பஸ் முதலில் எங்கள் கட்டடத்துக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். பிறகு சுற்று வட்டாரத்தில் உள்ள ரவுண்டபவுட் ஒவ்வொன்றையும் கோயில் பிரகாரம்போல வலம் வந்து, மற்ற குழந்தைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பள்ளிக்குப் போகும். அவள் காலையில் குடிக்கிற பால் நான்காவது ரவுண்டபவுட்டைத் தாண்டியதே இல்லை. பஸ்ஸில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவளுக்கென்றே ஜன்னல் கம்பியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கவரைக் கட்டி வைத்திருந்தார். டாக்டரிடம் காட்டினேன். மருந்து கொடுத்தார். மருந்து குடித்த அன்று வகுப்பில் தூங்கிவிட்டாள். டாக்ஸி பார்த்தேன். காலை நேரத்தில் அங்கே டாக்ஸி கிடைப்பதற்கு முன்னால் மழை கிடைத்துவிடும்.

இத்தனைக்கும் எங்களிடம் கார் இருந்தது. அதுவும் புது மின்சாரக் கார். கணவருக்கு ஜபல் அலியில் வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். கார் பேஸ்மென்ட்டில் நாள் முழுவதும் சும்மா நிற்கும். அதை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை. நான் ரோடு டெஸ்டில் மூன்று முறை தோற்றிருந்தேன்.

அவர் போனை நீட்டிக்கொண்டே குளியலறை வாசலுக்கு வந்தார். “முடிச்சாச்சு” என்றார்.

“என்னங்க முடிச்சாச்சு?”

“நீ இனிமே டெஸ்டுக்குப் போக வேண்டாம். காரே ஓட்டும். பேக்கேஜ் வாங்கிட்டேன்.”

கையில் சோப்பு நுரையோடு நிமிர்ந்து பார்த்தேன். திரையில் ஒரு கார் ஆளில்லாமல் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

“நம்ம கார் இப்படிப் போகுமா?”

“இப்ப ஹைவேல லேன் பிடிச்சுப் போகும், முன்னாடி வண்டி நின்னா தானா நிக்கும். சிக்னல், ரவுண்டபவுட், ஊருக்குள்ள ஓட்டுறது எல்லாம் பின்னாடி அப்டேட்ல வரும்.”

“பின்னாடின்னா எப்போ?”

“விரைவில்னு போட்டிருக்கான்.”

“ஸ்கூலுக்குப் போற வழில ஹைவேயே இல்லையேங்க. அஞ்சு ரவுண்டபவுட்தான் இருக்கு.”

நல்ல காரியம் பேசும்போது தும்மியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “இப்ப வாங்குனாத்தான் இந்த விலை. எல்லாம் வந்தப்புறம் வாங்கப் போனா ஏத்திடுவான்” என்றார்.

அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில், துபாயில் ஒரு ஹோட்டல் ஹாலில், சென்னை வீடுகளுக்கான கண்காட்சி நடந்தது. வாசலில் பன்னீர் தெளித்து, உள்ளே பிரியாணி போட்டு, அட்டையில் செய்த கட்டடத்துக்குள் குட்டி விளக்கெல்லாம் எரியவிட்டிருந்தார்கள். பிரியாணி சாப்பிட்ட கையோடு நாங்கள் ஏழாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டினோம். இப்போது கட்டினால்தான் இந்த விலை என்று அன்றைக்கும் சொன்னார்கள். கட்டடம் மூன்றாவது மாடியோடு நின்று சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் படுக்கையறை இருக்க வேண்டிய இடத்தில் காகங்கள் பறப்பதை, போன லீவில் நாங்களே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இந்த ஊரில் எங்களுக்கு முன்னால் கட்டித்தான் பழக்கம். வீட்டு வாடகைக்கு வருடம் தொடங்கும்போதே செக்குகளை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பள்ளிக்கு டெர்ம் தொடங்கும் முன்னால் கட்டுகிறோம். விசாவே இரண்டு வருடம்தான். அதற்குள் அடுத்த பத்து வருடத்துக்கான பொருட்களை வாங்குகிறோம்.

ஆனால் அன்று அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஜனவரியிலிருந்து மகளுக்கு பஸ் வேண்டாம் என்று பள்ளிக்கு மெயில் அனுப்பியிருந்தார். காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த குழந்தைக்கு இடத்தைக் கொடுத்துவிட்டதாக அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த வாரத்தில் ‘விரைவில்’ என்று யாரும் சொல்லாமலே விரைவில் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் மதியம் மகள் தூங்கியதும் அந்தப் பேக்கேஜின் விதிமுறைகளைப் படிக்க உட்கார்ந்தேன். நான் வேதியியலில் எம்.எஸ்.சி. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதில் சொன்ன எல்லாம் எனக்கு இருப்பதாக நினைத்துக்கொள்கிறவள். விதிமுறைகளைப் படிக்கும்போதே மனதுக்குள் ஜனவரி மாதக் காலை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மகளும் பின் சீட்டில். என் கையில் கவர். முன் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. ஒன்பதாவது மாடியிலிருந்து எதிர் வீட்டு அம்மாள் பார்க்கிறார்.

இருபத்தேழாவது பக்கத்தில் அந்தக் காலை முடிந்தது. ஓட்டுநர் இருக்கையில் எப்போதும் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்த நொடியும் வண்டியைக் கையில் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அடுத்த பத்தியில், எந்த வசதி எந்த நாட்டில் எப்போது வரும் என்பது அந்தந்த நாட்டு அனுமதியைப் பொறுத்தது. அதற்கடுத்து, கட்டிய பணம் திரும்ப வராது.

மாலையில் அவர் ஷூவைக் கழற்றும் முன்பே காட்டினேன்.

“அது சும்மா லீகலுக்குப் போடுறது” என்றார்.

“லைசென்ஸ் எங்கன்னு போலீஸும் சும்மா லீகலுக்குத்தாங்க கேப்பாங்க.”

வாங்கி ஒருமுறை படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

“பஸ்ஸு?” என்றார்.

“போயிடுச்சு.”

ஒரு ஷூவை மட்டும் கழற்றினார். பிறகு மிகவும் கௌரவமான குரலில், “உன் க்ளாஸ் எப்ப ஆரம்பம்?” என்று கேட்டார்.

டெஸ்டில் தோற்றால் மறுபடியும் சில வகுப்புகள் கட்டாயம். அதற்கும் முன்பணம்தான். நான் ஓட்டக் கற்றுக்கொள்வேன் என்ற நம்பிக்கையின் பேரில் நாலாவது முறையாக, முகம் சுளிக்காமல் கட்டினார். காருக்கு ஒரு தடவை ஏமாந்த மனுஷனைப் பற்றி நான் இவ்வளவு பேசுகிறேனே, எனக்கு அவர் எத்தனை தடவை கட்டியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஜனவரியில் பள்ளி திறக்க இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

எனக்கு வாய்த்த பயிற்சியாளர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவர். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். அந்த மரியாதை என் ஓட்டத்துக்குக் கிடையாது. பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் அதிகம் பயன்படுத்தியதில்லை. அவர் மிதிக்க நினைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே நான் மிதித்துவிடுவேன்.

“ஏன் அக்கா நிப்பாட்டினனீங்கள்?”

“ஒரு பூனைங்க.”

“எங்கை?”

“அந்தக் கடைப் படியில. ரோட்டுக்கு வந்துடும்னு தோணுச்சு.”

எட்டிப் பார்த்தார். “அது நித்திரை அக்கா” என்றார்.

என் மூன்று தோல்விகளும் அவருக்கு மனப்பாடம். முதல் டெஸ்டில் ரவுண்டபவுட்டில் இடது பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வழி விட்டேன். வந்தவர்கள், வரப்போகிறவர்கள், வீட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லோருக்கும் விட்டேன். பக்கத்தில் இருந்த பரிசோதகர் ‘யல்லா, கிளம்பு’ என்று மூன்றாவது தடவை சொன்னதோடு பேனாவை மூடிவிட்டார். இரண்டாவது டெஸ்டில் பறந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பைக்காக நடுரோட்டில் பிரேக் அடித்தேன். மூன்றாவதில் எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசியில் “இங்கே நிறுத்து” என்றார்கள். நான் “இங்கேயா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். இதைவிட நல்ல இடம் இருக்கலாமே என்று கொஞ்சம் தள்ளிப் போய், பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன்.

“நீங்கள் காரை ஓடேல்லை அக்கா. யோசினையை ஓடுறியள்” என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார்.

பேக்கேஜ் கதையை அவரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். “அதுவும் காசு கட்டிப்போட்டுப் பழகுதோ? அது எத்தினை தரம் ஃபெயிலாம்?” என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, வாங்கியதற்கு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கணவர் எங்களைக் கொர்ஃபக்கான் ரோட்டில் அழைத்துப் போனார். ஊரைத் தாண்டி ஹைவே வந்ததும் பட்டனை அழுத்தினார். ஸ்டீயரிங் தானாக அசைந்தது. பத்து நிமிடம் நாங்கள் மூவரும் அந்த விளம்பரக் குடும்பம் போலவே இருந்தோம். மகள் கைகூடத் தட்டினாள்.

பிறகு ஒரு மேம்பாலம் வந்தது. அதன் நிழல் ரோட்டில் கறுப்பாக விழுந்திருந்தது. கார் அந்த நிழலைப் பார்த்து, அதைச் சுவர் என்று முடிவுசெய்து, சடாரென்று பிரேக் போட்டது. பின்னால் வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்தது. என் மடியில் இருந்த முறுக்கு டப்பா டேஷ்போர்டுக்குப் போயிற்று. கணவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காரைச் சமாதானப்படுத்தினார்.

“சின்ன பக். அப்டேட்ல சரி பண்ணிடுவான்” என்றார்.

அடுத்த பாலத்திலும் அதே கதை. நடுநடுவே, ஓட்டுகிறவர் கவனமாக இருக்கிறாரா என்று கார் சோதித்தது. கை ஸ்டீயரிங்கில் இல்லையென்றால் டிங் டிங் என்று கத்தியது. அவருடைய தோள்கள் காது வரை ஏறியிருந்தன. வலது கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. “எவ்ளோ ரிலாக்ஸ்டா இருக்கு பாரு” என்று பல்லைக் கடித்தபடி சொன்னார்.

பின்னாலிருந்து மகள் கேட்டாள். “அப்பா, கார் ஏன் ஸ்கேர்டா இருக்கு?”

“ஸ்கேர்டா இல்லடா. கத்துக்குது.”

“அம்மா மாதிரியா?”

கார் மறுபடியும் டிங் டிங் என்றது.

நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். கண் ரோட்டில், கால் பிரேக்கின் மேல், மூச்சு பாதியில். இந்த முகத்தை எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக் காரில் என் பக்கத்து சீட்டில் பார்க்கிற முகம். மூன்றாவது பாலம் வந்தது. பாலம் அதன் பாட்டுக்கு மேலே இருந்தது. நிழல் நிழலாக இருந்தது. கார் மறுபடியும் தயங்கியது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

“நிழலுக்கெல்லாம் எதுக்குங்க நிக்கணும்? முன்னாடி ஒண்ணுமே இல்லையே!”

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “இதை நீ கேக்குறியா?” என்றார்.

திரும்பி வரும்போது அவரேதான் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து, “சரி, யாருக்கு மொதல்ல வருதுன்னு பாப்போம். அதுக்கு ரவுண்டபவுட்டா, உனக்கு லைசென்ஸா” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டில் ஒன்று வராவிட்டால் ஜனவரியில் மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேறு வழியில்லை. பள்ளிக்குப் போன் செய்து பஸ்ஸில் இடம் கேட்டேன். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். எப்போது கிடைக்கும் என்றேன். விரைவில் என்றார்கள்.

டிசம்பரில் அப்டேட் வந்தது. பேஸ்மென்ட்டிலிருந்து போன் செய்து எங்களை உடனே இறங்கி வரச்சொன்னார். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்ட கோலத்தில் நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இனி ஹார்னை ஆடு கத்துவதுபோல வைத்துக்கொள்ளலாம். விளக்குகள் பாட்டுக்கு ஏற்ப மினுங்கும்.

“ரவுண்டபவுட்?”

“அது அடுத்ததுல.”

மகள் ஆட்டை அறுபது தடவை கத்தவிட்டாள். வாட்ச்மேன் பாய் வந்து, “க்யா ஹுவா பாய்?” என்று காருக்கு அடியில் குனிந்து பார்த்தார். நானும் ஒரு முறை அழுத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஆடு.

பாலத்து நிழல் கதையைப் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நீங்களும் வாயைத் திறந்து சொல்லுங்கோ அக்கா. முன்னாலை என்ன நிக்குதெண்டு சொல்லுங்கோ. ஒண்டும் இல்லையெண்டால் ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஓடுங்கோ. சொல்லாமல் பிரேக்கிலை கால் வைச்சால் நான் இறங்கிப் போயிடுவன்.” ஆகவே கடைசி வகுப்புகளில் நான் வர்ணனை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். லாரி இருக்கு, போகட்டும். ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லை. சைக்கிள். ஒண்ணும் இல்லை. இத்தனை காலம் ரோட்டில் இவ்வளவு ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாலாவது டெஸ்ட், பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்னால். ஒரே காரில் நாங்கள் நான்கு பெண்கள், முறை வைத்து ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் கறுப்பு அபாயா அணிந்த பரிசோதகர் அம்மாள், மடியில் டேப்லெட். பின் சீட்டில் என் வலப்பக்கம் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண் ஜெபமாலையை உருட்டினாள். இடப்பக்கம் ஒரு எகிப்துக்காரி உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சாமிகளின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்ல முயன்று, பாதியில் குழம்பி, முதலிலிருந்து தொடங்கினேன்.

என் முறை வந்தது. சீட், கண்ணாடி, பெல்ட். உதட்டுக்குள்ளேயே ஆரம்பித்தேன். வேன் இருக்கு, போகட்டும். ஒண்ணும் இல்லை. ஒரு பாலத்துக்கு அடியில் போகச் சொன்னார். நிழல் விழுந்திருந்தது. கால் தானாக எழுந்தது. நிழல், ஒண்ணும் இல்லை என்றேன். கால் இறங்கியது. ரவுண்டபவுட்டில் இடது பக்கம் பார்த்தேன். ஒரு டாக்ஸி, அது போகட்டும். ஒண்ணும் இல்லை. போனேன். கடைசியில் “இங்கே நிறுத்து” என்றார். இதைவிட நல்ல இடம் இருபதடி தள்ளி இருந்தது, என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இங்கேயே நிறுத்தினேன்.

அவர் டேப்லெட்டில் எதையோ தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ வழி முழுக்கப் பிரார்த்தனை செய்தாய். நல்லது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “கலாஸ், முடிந்தது. பாஸ்.”

அது பிரார்த்தனை இல்லை, லாரியும் சைக்கிளும்தான் என்று விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு எதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பின் சீட்டிலிருந்து எகிப்துக்காரி என் தோளைப் பலமாக ஒரு அழுத்து அழுத்தினாள். மூடிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றுகிறது.

பள்ளி திறந்த அன்று கணவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார். மகள் பின்னால், மடியில் நீலக் கவரோடு. விடைபெறும்போது பஸ் ஆயா ஒரு கட்டே கொடுத்தனுப்பியிருந்தார். பேக்கேஜைப் பட்டனில் அணைத்துவிட்டுக் கிளம்பினேன். முதல் ரவுண்டபவுட்டில் அவர் “பாத்து” என்றார். இரண்டாவதில் “பாத்து, பாத்து” என்றார். அவருடைய வலது கால் தரைவிரிப்பை மிதித்த மிதியில் விரிப்பு சுருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. மூன்றாவது. நான்காவது. கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். பால் உள்ளேயே இருந்தது. ஐந்தாவதையும் சுற்றி, பள்ளி வாசலில் காட்டிய இடத்தில் நிறுத்தினேன்.

“அம்மா, வந்தாச்சா? அவ்ளோதானா?” என்றாள்.

நான் பதில் சொல்லும் முன்னால் கணவர் பின்பக்கம் கையை நீட்டினார். “பாப்பா, அந்தக் கவரைக் கொஞ்சம் குடு” என்றார். முகம் வெளிறியிருந்தது. மகள் கவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆயா செய்வதுபோலவே அவர் முதுகைத் தடவி, “ஓகே அப்பா, ஓகே, எல்லாம் வரட்டும்” என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குள் ஓடினாள்.

திரும்பும் வழியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கியபடி, “அந்தப் பேக்கேஜ் வேஸ்ட்டுதான், இல்ல?” என்று கேட்டார். சண்டைக்கு இல்லை. உண்மையாகவே கேட்டார்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்கிறேன். இன்றைக்கு என்ன ஓடுகிறதோ அதற்குக் காசு கொடுங்கள், விரைவில் ஓடப்போவதற்குக் கொடுக்காதீர்கள் என்று. காருக்கும் ஃப்ளாட்டுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அன்று காலை, புது லைசென்ஸ் கைப்பையில் இருக்க, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அது ஒரு தடவைதானேங்க தோத்திருக்கு” என்றேன். “எனக்கு மூணு.”

அவர் ஏதோ சொல்ல வந்து, சட்டென்று விறைத்து, விரிப்பில்லாத தரையைக் காலால் ஓங்கி மிதித்தார்.

“பூனை!”

பார்த்தேன். பக்காலா மளிகைக் கடை வாசலில், படியில் கிடந்தது.

“அது தூங்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.